கள்ளுக் கலயமும் சாராய ஊறலும் ஒன்றா?

கேள்வி - பதில்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. வீட்டில் ஒயின் போடலாமா, கள் இறக்கலாமா, சட்டம் எப்போது மாறும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில்.

கே: கிறிஸ்துமஸுக்காகக் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஒயின் ஊறவைக்கிறோம். விற்பதில்லை, உறவுக்காரர்களுக்கு மட்டும்தான். இதில் தப்பு உண்டா?
(இல்லத்தரசி, ராஜபாளையம்)

ப: சட்டப்படி தப்புதான் அம்மா. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ல் பிறந்தது. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. ஒயின், பீர், கள், சாராயம், ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமானாலும் அதன் கணக்கில் மதுதான். அனுமதியில்லாமல் அதைத் தயாரிப்பது குற்றம், வைத்திருப்பதும் குற்றம். தயாரிக்கவென்று பாத்திரமும் பொருளும் வைத்திருந்தால் அதுவும் குற்றம். வீட்டுத் தேவைக்கு இத்தனை லிட்டர் வரை போகட்டும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

உங்கள் ஜாடியையும், மலையடிவாரத்தில் புதைத்துவைத்த சாராய ஊறல் பானையையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் போலீஸ்காரர் என் கருத்தைப் பார்த்து வழக்குப் போடுவதில்லை. சட்டம் மாறும்வரை திராட்சையைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

கே: பழைய சோற்றுத் தண்ணீரும் புளித்துத்தானே வருகிறது? இட்லி மாவும் பொங்குகிறதே! எங்கள் அம்மாச்சியையும் பிடிப்பார்களா?
(கல்லூரி மாணவர், கிருஷ்ணன்கோவில்)

ப: பிடிக்க மாட்டார்கள் தம்பி. இவற்றைப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு. ஆல்கஹால் இருந்தாலும் போதை தரும் அளவுக்கு வராது. அம்மாச்சியின் நீராகாரத்தை நிம்மதியாகக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

கே: கடையில் விற்கும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறதாமே? அதற்கு மட்டும் எப்படி அனுமதி?
(மருந்துக்கடை ஊழியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: இருக்கிறது. அரிஷ்டம், ஆசவம் இரண்டும் ஊறும்போது தானாகவே ஆல்கஹால் உண்டாகும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை. அவை மருந்துச் சட்டங்களின்கீழ் உரிமத்தோடு தயாராகின்றன. மருந்தை மதுவோடு சேர்த்துத் தடுக்கக் கூடாது என்று 1951லேயே பம்பாய் மாகாண மதுவிலக்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பால்சாரா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் அதைச் சொல்வார்கள். புளித்தது எல்லாம் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்க்க நம் சட்டங்களுக்குத் தெரியும். அந்த நிதானத்தை வீட்டு ஜாடியிடமும் பனைமரத்திடமும் காட்டச் சொல்கிறேன்.

கே: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வீட்டு கராஜில் பீர் போடுகிறான். அங்கே சட்டம் கேட்பதில்லையாம். அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு கிட் கொண்டுவருவதாகச் சொல்கிறான். வாங்கலாமா?
(நூற்பாலை மேற்பார்வையாளர், ராஜபாளையம்)

ப: வேண்டாம். மால்ட்டும் ஈஸ்ட்டும் பெட்டிக்குள் இருக்கும்வரை வெறும் மளிகைச் சாமான். தண்ணீரில் கலந்து மூடிவைத்தால் நம் சட்டத்தின் கண்ணில் அது மது உற்பத்தி.

தம்பிக்கும் அந்தச் சுதந்திரம் எளிதில் வந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அது நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வழி விட்டார்கள். வீட்டு பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் பீருக்கும் மத்திய அரசின் தடை நீங்கியது. ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தைத் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. கடைசியாக வந்த அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ல்தான் இறங்கிவந்தன. முப்பத்தைந்து ஆண்டுப் பாடு!

சிங்கப்பூரிலும் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு பீரோ ஒயினோ புளிக்கவைக்கலாம். ஆனால் வடிக்கக் கூடாது. 1978ன் அமெரிக்கச் சட்டமும் வீட்டில் வடித்துச் சாராயம் எடுக்க அனுமதி தரவில்லை. புளிக்கவைப்பது ஒரு வேலை, காய்ச்சி வடிப்பது வேறு வேலை. உலகத்தில் யோசித்து எழுதிய சட்டங்கள் கோடு போடும் இடம் இதுதான்.

கே: இதையெல்லாம் டெல்லியில் முடிவு செய்யக் கூடாதா? மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றால் குழப்பம்தானே?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 8வது பதிவு மதுவை மாநிலத்தின் கையில் கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலும் அந்தப் பதிவுக்குள் அடங்கும் என்று மாநிலங்களின் அதிகாரத்தை இன்னும் விரித்தது. மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருப்பதைக் குழப்பம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாநிலம் துணிந்து செய்து பார்த்ததை இன்னொரு மாநிலம் பார்த்துக் கற்கலாம்.

கற்கவும் நிறைய இருக்கிறது. மேகாலயா 2020ல் வீட்டுப் பழ ஒயினுக்கு உரிமம் கொடுத்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மதுவிலக்கில் பிடிவாதமாக இருந்த மிசோரம்கூட 2025 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தி, அங்கே விளையும் அரிசியிலும் பழத்திலும் செய்த பானங்களுக்குக் கதவைத் திறந்தது. மத்தியப் பிரதேசம் பழங்குடியினரின் இலுப்பை மதுவை மரபு மது என்று ஏற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோவா தன் முந்திரிப் பழ ஃபெனிக்கு 2009ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்ததும் அதே குறியீடுதான்.

கே: புளியரை தாண்டினால் கேரளாவில் கள்ளுக்கடை. இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு ரயிலில் ராஜபாளையம் வந்தால்?
(பெயர் வேண்டாம் என்றவர், தளவாய்புரம்)

ப: ரயில் ராஜபாளையம் வரும். நீங்கள் வருவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கே: கருப்பசாமிக்குப் படைக்க மட்டும் கொஞ்சம் காய்ச்சிக்கொண்டால்?
(மம்சாபுரம் வாசகர்)

ப: சாமி பெயரைச் சொன்னாலும் காய்ச்சினால் குற்றம். கருப்பசாமிக்குச் சுருட்டும் பொங்கலும் பிடிக்கும், அதோடு நிறுத்துங்கள்.

கே: எங்கள் ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா முதல்வராக இருந்த காலத்தில் இந்தச் சட்டம் எப்படி இருந்தது? இன்றைய பிள்ளைகளுக்கு அவரைத் தெரியவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ராஜபாளையம்)

ப: தெரிய வேண்டியவர் ஐயா. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த மனிதர் வேறெந்த ஊரிலும் எளிதாகக் கிடைக்க மாட்டார்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போர்க்காலத்தில் அது தளர்ந்தது. 1948 அக்டோபர் 2ஆம் தேதி ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க வந்தது. அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நம் இரண்டு ஊர்களிலும்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் குமாரசாமி ராஜா பொறுப்புக்கு வந்தார். முழு மதுவிலக்கைப் புதிதாகச் சுமந்து நடத்தும் வேலை, 1952 வரை இந்த ராஜபாளையத்துக்காரர் தோளில் இருந்தது. அவருக்குப் பின் ராஜாஜியும், விருதுநகரில் பிறந்த காமராஜரும் அதைக் கைவிடவில்லை.

அவர்களுக்கு மதுவிலக்கு வருமானக் கணக்காக இருக்கவில்லை. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போன தலைமுறை அது. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ணால் பார்த்து எழுதிய சட்டம் என்பதால்தான் அதில் வீட்டுத் தேவைக்கென்று விதிவிலக்கு வைக்கவில்லை. அந்தக் கடுமையை நான் மதிக்கிறேன்.

பின்னால் நடந்ததுதான் வருத்தம். 1971ல் கலைஞர் அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது, 1974ல் திரும்பக் கொண்டுவந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அது இன்றும் நீங்கவில்லை. 2003ல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. 2023-24ல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆக, பெயரில் மதுவிலக்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழேயே அரசு பிராந்தி விற்கிறது, பனையேறி கள் இறக்கினால் கைது செய்கிறது. காந்தியவாதிகள் எழுதிய சட்டத்தை இப்படி ஆக்கிவிட்டோம்.

கே: கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்தார்களே. வீட்டில் புளிக்கவைத்தாலும் அந்த மாதிரி விஷமாகாதா?
(செவிலியர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: அவசியமான கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால். 2023ல் மரக்காணத்திலும் அதுவே. சாயம், வார்னிஷ் போன்ற தொழில்களுக்குப் போக வேண்டிய அந்த ரசாயனத்தைச் சாராயம் என்று பாக்கெட்டில் ஊற்றி விற்றார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். நீங்கள் மருத்துவமனையில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று உண்டாக்குவது எத்தனால். பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து மெத்தனாலும் மிகச் சிறிதளவு வரும். புளித்த பானத்தில் அந்த அளவு ஆளைக் கொல்வதில்லை. வீட்டு ஒயினில் உள்ள ஆபத்து வேறு: அழுக்குப் பாத்திரத்தில் கெட்டுப்போகும், இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். சர்க்கரை கூடினால் ஒயினின் வீரியம் பத்து சதவீதத்தைத் தாண்டுவதும் சாதாரணம். ஜூஸ் மாதிரி இருக்கிறதே என்று நினைத்து அடுத்த தம்ளரை ஊற்றிக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, அந்த ஜூன் 29ஆம் தேதியே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். மெத்தனால் வியாபாரிக்கு இது வேண்டியதுதான், ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அவனுக்கு எழுதிய சட்டப் புத்தகத்திலேயே திராட்சை ஜாடியையும் பனங்கலயத்தையும் வைத்திருப்பதுதான் தவறு.

கே: ராஜபாளையத்து மாம்பழம் சீசனில் விலை விழுந்து வீணாகிறது. அதில் ஒயின் எடுத்தால் விவசாயிக்கு நாலு காசு வருமே?
(மாந்தோப்பு விவசாயி, அய்யனார் கோவில் சாலை)

ப: வரும். பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை, வீட்டில் ஒயின் போட்டால் ஜாமீனில் வர முடியாத வழக்கு என்று எச்சரித்தது. 2022ல் அதே கேரளம், தன் மண்ணில் விளையும் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தர விதிகளே எழுதிவிட்டது. தடியைத் தூக்கிய துறையே பிறகு படிவத்தையும் கொடுத்தது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விளையும் நமக்கு அப்படி ஒரு படிவம் இன்னும் வரவில்லை. விவசாயிகள் சங்கம் கேட்க வேண்டிய கோரிக்கை இது. தனியாகச் செய்து பார்த்துவிடாதீர்கள்.

கே: என் வீட்டுக்காரர் குவார்ட்டருக்குப் போவது போதாதென்று ஊருக்குள் கள்ளையும் திறந்துவிடச் சொல்கிறீர்களா? சம்பளநாள் ராத்திரி எங்கள் தெருவில் வந்து நின்று பார்த்தீர்களா?
(பேண்டேஜ் தறித் தொழிலாளி, சத்திரப்பட்டி)

ப: அம்மா, இந்த இதழில் நான் அதிகம் யோசித்தது உங்கள் கேள்விக்குத்தான்.

கள் உணவு, மருந்து என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேரவில்லை. கள்ளிலும் ஆல்கஹால் இருக்கிறது, பழகினால் அதுவும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். கள்ளின் வீரியம் சுமார் 5 சதவீதம். டாஸ்மாக் பிராந்தியின் வீரியம் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கள்ளில் அந்த அளவு உள்ளே போக ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் அரசு வைத்திருப்பது வீரியம் கூடிய சரக்கு. பூட்டி வைத்திருப்பது வீரியம் குறைந்ததை.

கள்ளில் கலப்படம் நடக்கும் என்று அரசு சொல்லும் காரணத்திலும் உண்மை இருக்கிறது. தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட்டும் தூக்க மருந்தும் கலந்த கள்ளைக் குடித்து, அது இல்லாத நாளில் கை கால் நடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம். கள்ளைக் குத்தகைக்காரர் கையில் கடை கடையாக விட்டால் நம் ஊரிலும் அதுதான் நடக்கும். கடையும் ஏலமும் இல்லாமல், பதிவு செய்த பனையேறி அன்று இறக்கியதை அன்றே மரத்தடியில் அளவோடு கொடுக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. அதற்கும் அந்தந்த ஊர்க் கிராம சபையில் பெண்கள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஊரில் வேண்டாம். பெண்களைக் கேட்காமல் எழுதும் எந்த மதுச் சட்டத்துக்கும் என் ஆதரவு கிடையாது. உங்கள் தெருவில் டாஸ்மாக் கடை இருந்தால், அதை மூடச் சொல்லி நீங்கள் போடும் முதல் மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: தென்னைக்கு நீரா அனுமதி கொடுத்தார்களே, அது என்ன ஆனது?
(தென்னந்தோப்புக்காரர், சேத்தூர்)

ப: 2017ல் விதிகள் வந்தன. தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரிமம் பெற்று, புளிக்காதபடி பக்குவம் செய்து நீரா இறக்கி விற்கலாம். ஆனால் சில மணி நேரம் வெயிலில் விட்டாலே நீரா புளிக்கத் தொடங்கும்; புளித்துவிட்டால் நீராவும் கள்தான், அனுமதி போச்சு. குளிர்பெட்டியும் வண்டியும் கூட்டு முயற்சியும் இல்லாமல் பத்து மரம் வைத்திருப்பவரால் தனியாக முடியாது. சேத்தூரிலும் வத்திராயிருப்பிலும் தோப்புக்காரர்கள் ஒன்றுசேர்ந்தால் முடியும்.

கே: நீங்கள் சட்டம் எழுதினால்?
(சட்டக் கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: வடிப்பதற்குத் தடை நீடிக்கும், மெத்தனாலுக்கு இன்றைய தண்டனையும் நீடிக்கும். வீட்டில் புளிக்கவைக்கும் ஒயினுக்கும் பீருக்கும் ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு சின்ன அளவு. விற்றால் வழக்கு, பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் வழக்கு. பனங்கள்ளுக்கு மேலே சொன்ன ஏற்பாடு. ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். நீங்கள் வக்கீலானதும் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

கே: நாங்கள் பனையேறிக் குடும்பம். பதநீர்தான் இறக்குகிறோம். ஆனாலும் கலயத்தை மோந்து பார்த்துக் கள் என்று மிரட்டுகிறார்கள். மகன் மரம் ஏற மாட்டேன் என்கிறான். என்ன சொல்ல?
(வத்திராயிருப்புப் பக்கத்து வாசகர்)

ப: அண்ணாச்சி, உங்கள் மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குகிற மனிதனைத் திருடனைப் போல நிறுத்திக் கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வருவான்? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் கள் ஆகாது. சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டை அடக்கிவைக்கும் என்பது அறிவியல். பனைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கி, மரத்தடியிலும் கையில் வைத்திருங்கள். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் அதை வெட்டக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. அந்த மரத்தில் ஏறுகிறவருக்கும் ஒரு பாதுகாப்பு எழுத வேண்டும். கள்ளா பதநீரா என்பதை மூக்கால் முடிவு செய்யாமல் சோதனைக் கருவியால் முடிவு செய்யச் சொல்லும் ஒரு உத்தரவு போதும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குனி, சித்திரையில் சாலையோரம் பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். பேரம் பேசாமல் வாங்கிக் குடியுங்கள். வீட்டுக்குக் கருப்பட்டியும் அவரிடமே கேட்டு வாங்குங்கள்.